பாறையைத் துளைத்துப் பேசும் கருவி: மச்சான் கேட்கும் 12 லட்சத்தைக் கொடுக்கலாமா?

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 43. கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 2001-இல் சுரங்கத்தை மூடியபின் குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இப்போது ஒரு சிறு நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேர்ந்திருக்கிறார். செல்போன் அளவில் ஒரு கருவி. 500 மீட்டர் பாறையைத் துளைத்துக்கொண்டு குரலும் வீடியோவும் போகும் என்கிறார்கள். "டெஸ்லா கண்டுபிடித்து மறைக்கப்பட்ட அலை", "நீர்மூழ்கிக் கப்பலில் பயன்படுவது", "நியூட்ரினோ போன்றது" என்றெல்லாம் விளம்பரத் தாளில் இருக்கிறது. ஒரு சுரங்கத்துக்குள் 300 மீட்டர் தள்ளி நின்று இருவர் பேசும் வீடியோவும் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு விற்கப்போகிறார்களாம்; சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஒப்புதல் "விண்ணப்பத்தில் இருக்கிறது" என்கிறார்களாம். 12 லட்சம் போட்டால் பங்கும், மாதம் 2 சதவீத நிச்சய வருமானமும் தருவார்களாம். மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வாசகரின் நண்பரான ஒரு பொறியாளர், "பாறைக்குள் ரேடியோ போகவே போகாது, ஏமாற்று வேலை" என்று சொல்லிவிட்டார். அம்மாவோ, "உன் தாத்தா ஆறாயிரம் அடிக்குக் கீழே இலங்கை வானொலி கேட்டதாகச் சொல்லுவார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை" என்கிறார். மனைவி யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிறார். பணம் போடலாமா, கருவி பொய் என்றால் அதை வாங்கப்போகும் சுரங்கத்துக்குச் சொல்ல வேண்டுமா என்பவை கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சுருக்கமான பதில்: இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்தடிச் சுரங்கங்களில் தகவல் தொடர்புக் கருவிகளோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் விவரித்திருக்கும் கருவி, விவரித்திருக்கும் விதத்தில், வேலை செய்ய வழியில்லை. ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணமும் தவறுதான். அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு மச்சானிடம் பேசப் போனால் இரண்டே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார். பாறைக்குள் ரேடியோ போகும். எந்த அதிர்வெண், எவ்வளவு தூரம், எவ்வளவு செய்தி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தாத்தா கேட்ட வானொலி

அம்மாவின் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். தாத்தா கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு பாறை வழியாக வந்திருக்க முடியாது.

ரேடியோ அலை பாறைக்குள் நுழைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படும். பாறையில் ஈரமும் உப்பும் அதிகமானால் உறிஞ்சுவதும் அதிகம். அதிர்வெண் கூடினாலும் அப்படியே. ஓரளவு ஈரமான பாறையை, மின்தடை 100 ஓம்-மீட்டர் உள்ளதாக எடுத்துக்கொள்வோம். 1 கிலோஹெர்ட்ஸ் அலை அதில் சுமார் 160 மீட்டர் போனபின்தான் 37 சதவீத வலிமைக்கு இறங்கும். வானொலியின் மத்திய அலை, அதாவது 1 மெகாஹெர்ட்ஸ், 5 மீட்டரிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். தங்கவயல் பாறை இதைவிட நூறு மடங்கு மின்தடை உள்ளது என்று தாராளமாக வைத்தாலும் 5 மீட்டர் நூறு மீட்டர் அளவுக்கு நீளும், அவ்வளவுதான். ஆறாயிரம் அடி என்பது கிட்டத்தட்ட 1,800 மீட்டர். சிற்றலை என்றால் இன்னும் மோசம்.

அப்படியானால் எப்படிக் கேட்டது? சுரங்கத்தில் பாறை மட்டுமா இருக்கிறது? மேலேயிருந்து அடிவரை கூண்டை இழுக்கும் இரும்புக் கயிறு, மின் கேபிள், டெலிபோன் கம்பி, காற்றழுத்தக் குழாய், தண்டவாளம் எல்லாம் இறங்குகின்றன. மேலே பிடித்த அலையை இவை கீழே கொண்டுவரும். கம்பிக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்தால் பாடும். பத்தடி தள்ளிப் போனால் நின்றுவிடும். மேலே யாராவது டெலிபோன் ரிசீவரை ரேடியோப் பெட்டிக்கு முன்னால் வைத்திருந்தாலும் கீழே பாட்டு கேட்டிருக்கும். இரவு ஷிஃப்டில் இதெல்லாம் நடக்காததல்ல.

இது பழைய அனுபவம்தான். 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையினர் பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டனில் உள்ள சோதனைச் சுரங்கத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். கேடிகேஏ வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு 50 அடி ஆழத்தில் கேட்டது. ஆழம் கூடக் கூட வெகு வேகமாக மங்கியது. பக்கத்தில் கம்பியோ தண்டவாளமோ இருந்தால் நன்றாக வந்தது.

ஆக, இந்த மாதிரிக் கதை எதைக் கேட்டாலும் "நடந்ததா, இல்லையா" என்று வாதாடுவதை விட, "சிக்னல் எந்த வழியாக வந்தது" என்று கேளுங்கள். பார்த்தவர் சொல்வது உண்மையாக இருக்கும். அதற்குச் சொல்லும் விளக்கம்தான் பெரும்பாலும் தப்பு.

நம்ப முடியாத கதை உண்மையான ஒரு சந்தர்ப்பம்

சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்களும் இங்கே தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சாகோ என்ற நிலக்கரிச் சுரங்கம். 2006 ஜனவரி 2 காலை உள்ளே மீத்தேன் வெடித்தது. அடைத்து மூடிவைத்திருந்த ஒரு பகுதி அது. அங்கே ஆள் இல்லை, ஓடும் இயந்திரம் இல்லை. வெளியே இடி மின்னலோடு மழை. "மின்னல்தான் காரணம்" என்று பேச்சு வந்தபோது, பூமிக்குள் இருக்கும் வாயுவை வானத்து மின்னல் எப்படிப் பற்ற வைக்கும் என்று பலர் சிரித்தார்கள்.

விசாரணையில் அதே வழியைத்தான் தேடிப் போனார்கள். மின்னல் பதிவுக் கருவிகளில், வெடித்த அதே நேரத்தில் சுரங்கத்தின் அருகே மின்னல் விழுந்தது பதிவாகியிருந்தது. மூடிய பகுதிக்குள் எடுக்காமல் விட்ட ஒரு பழைய பம்ப் கேபிள் கிடந்தது. அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வகத்தினர் மேலிருந்து குறைந்த அதிர்வெண் அலைகளைச் செலுத்தி அளந்தார்கள். மின்னலின் மின்காந்த ஆற்றல் மண்ணைத் தாண்டி வந்து, அந்தக் கேபிளில் பெரிய மின்னழுத்தத்தை உண்டாக்க முடியும் என்று தெரிந்தது. அரசு விசாரணை அறிக்கை மின்னலையே பெரும்பாலும் காரணமாகச் சொன்னது. தொழிலாளர் சங்கம் அதை ஏற்கவில்லை, அது வேறு கதை. உங்கள் நண்பரின் "போகவே போகாது" என்பதற்கு இதைவிடத் துயரமான மறுப்பு இல்லை. போனது அளவில்லாத மின்னலின் குறைந்த அதிர்வெண் ஆற்றல். அதை வாங்கிக்கொண்டது நீளமான ஒரு கேபிள். செல்போனும் அதற்குள் அடங்கும் ஆன்டெனாவும் அல்ல.

சாகோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே சிக்கியவர்கள் 13 பேர். கம்பி டெலிபோன் வெடிப்பில் போய்விட்டது. கூரையில் அடித்திருந்த இரும்பு போல்ட்டைச் சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டினார்கள், மேலே யாராவது கேட்பார்கள் என்று. பதில் வரவில்லை. மீட்புக் குழு அவர்களை நெருங்கியபோது, முகமூடிக்குள்ளிருந்து பேசிய சொற்கள் பல ஆட்கள் வாய் மாறி மேலே வந்து சேர்வதற்குள் "12 பேர் உயிரோடு" என்று ஆகிவிட்டது. தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்கள் மணி அடித்துக் கொண்டாடினார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிழைத்தவர் ஒருவர் மட்டுமே என்று சொன்னார்கள். அந்த ஆண்டே அமெரிக்காவில், விபத்துக்குப் பின்னும் உள்ளே இருப்பவர்களோடு கம்பியில்லாமல் பேச வழி வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தத் துறையில் பணம் புரள ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். பணம் வந்த இடத்துக்கு விளம்பரத் தாளும் வந்துவிடுமல்லவா?

வீடியோவில் என்ன நடக்கிறது

நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். "300 மீட்டர் தள்ளி" என்று எழுதியிருக்கிறீர்கள், "300 மீட்டர் பாறைக்குக் கீழே" என்று அல்ல. சாய்வுப் பாதையின் வாயில் ஒருவரும், அதே பாதையில் 300 மீட்டர் தள்ளி இன்னொருவரும் நின்றால் இடையில் இருப்பது பாறை அல்ல, காற்று. 400 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் நேரான சுரங்கப் பாதையில் சுவரில் பட்டுத் தெறித்து நன்றாகவே போகும். 1970-களிலேயே நிலக்கரிச் சுரங்கங்களில் இதை அளந்து கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு திருப்பத்தில் திரும்பினால்தான் சட்டென்று விழும். அதனால்தான் உண்மையான சுரங்கங்களில் லீக்கி ஃபீடர் என்ற கேபிளைப் பாதை நெடுக இழுக்கிறார்கள். சொட்டுநீர்க் குழாய் வழியெல்லாம் தண்ணீர் விடுவது போல, இந்தக் கேபிள் வழியெல்லாம் ரேடியோவைக் கசிய விடும். சில நூறு மீட்டருக்கு ஒரு பெருக்கி. வீடியோவில் கூரையோரமாகக் கறுப்புக் கேபிள் ஓடுகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கருவியைப் பற்றி அந்த வீடியோ எதையும் நிரூபிக்கவில்லை.

செல்போன் அலைக்கே கணக்குப் பார்ப்போம். முன்பு சொன்ன அதே பாறையில் 900 மெகாஹெர்ட்ஸ் அலை மீட்டருக்குச் சுமார் 6.5 டெசிபல் இழக்கும். 20 மீட்டரில் 130 டெசிபல், அதாவது பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். செல்போன் தாங்கும் இழப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். 500 மீட்டரை நான் கணக்குப் போடப் போவதில்லை. காய்ந்த உப்புச் சுரங்கம், ஈரமில்லாத கிரானைட் போன்றவற்றில் நிலைமை நன்றாக இருக்கும், உண்மை. ஆனால் மச்சான் நிறுவனம் விற்க நினைப்பது நிலக்கரிச் சுரங்கங்களுக்கு.

பாறையைத் தாண்டும் கருவிகள் உண்டு, ஆனால்

விளம்பரத் தாளில் நீர்மூழ்கிக் கப்பல் வருகிறதே, அது முழுப் பொய் அல்ல. நம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இதற்காகவே இயங்குகிறது. மிகக் குறைந்த அதிர்வெண் அலை, வானளாவிய கோபுரங்கள், ஏராளமான மின்சாரம். இத்தனைக்கும் கடல் நீருக்குள் போவது சில மீட்டர் முதல் பத்து இருபது மீட்டர் வரை. போவது குறுஞ்செய்தி. நீர்மூழ்கி அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கோபுரத்தை அது எங்கே வைத்துக்கொள்ளும்?

சுரங்கத்திலும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் உருவான பிஇடி என்ற முறையில், மேலே பெரிய வளையமாகக் கம்பியை விரித்து மிகக் குறைந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்புவார்கள். தொழிலாளியின் தொப்பி விளக்கு மின்னும், சிறு திரையில் எழுத்து வரும். 1998-இல் யூட்டா மாநிலத்து வில்லோ கிரீக் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது ஆட்களை வெளியேற்ற இது உதவியது. ஆனால் ஒருவழிச் செய்திதான். சாகோவுக்குப் பிறகு இருவழியாகவும் செய்து காட்டினார்கள். நிலக்கரித் தூணைச் சுற்றிக் கம்பி வளையம் கட்டி, சில நூறு மீட்டருக்கு எழுத்துச் செய்தி, தூரம் குறைந்தால் குரல். பிரிட்டனில் குகை மீட்புக் குழுக்கள் 87 கிலோஹெர்ட்ஸில் ஹேஃபோன் என்ற கருவியை வைத்திருந்தார்கள். அதுவும் குரல் மட்டும்.

இவையெல்லாம் ஏன் செல்போன் அளவுக்குச் சுருங்கவில்லை? இந்த வகையில் காந்தப் புலம் தூரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறைகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். அதே வளையத்தை வைத்து ஈடுகட்ட 64 மடங்கு மின்திறன் வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் அவ்வளவு மின்திறனை வைக்கவும் முடியாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு சிறு பொறி போதும். அதனால் கருவிக்குள் தேங்கும் ஆற்றலுக்கே வரம்பு உண்டு. வீடியோவுக்கு இடமே இல்லை. சில கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் குரலே திணறும்.

டெஸ்லாவின் "மறைக்கப்பட்ட" அலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதையும் எளிதாகத் துளைத்துப்போகும் நுண்துகளான நியூட்ரினோவைப் பற்றி ஒரு வரி எழுதலாம், ஏனென்றால் அது உங்கள் ஊர்க் கதையும்கூட. 1965-இல் விண்கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோக்களை முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று தங்கவயலின் ஆழம்தான். 2012-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாபில் நியூட்ரினோ கற்றை வழியாக 240 மீட்டர் பாறையைத் தாண்டி ஒரு சொல்லை உண்மையாகவே அனுப்பினார்கள். வேகம் நொடிக்கு 0.1 பிட். அனுப்பியது ஒரு துகள் முடுக்கி, வாங்கியது பல டன் எடையுள்ள கருவி. சட்டைப் பையில் வைக்கிற சாமான் அல்ல.

இன்னொரு பக்கத்திலிருந்தும் யோசித்துப் பாருங்கள். 2010-இல் சிலி நாட்டில் 33 பேர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் சிக்கினார்கள். உலகமே உதவிக்கு வந்தது. அவர்கள் உயிரோடு இருப்பது 17 நாள் கழித்து, துளையிடும் கம்பியில் கட்டி அனுப்பிய ஒரு சீட்டால்தான் தெரிந்தது. பிறகு துளை வழியே டெலிபோன் கம்பியை இறக்கினார்கள். 2023-இல் உத்தரகாண்டின் சில்க்யாராவில் 41 பேர் சிக்கியபோதும் குழாய் வழியாகப் பேசி, பிறகு டெலிபோன் கம்பிதான்.

ஒரு சோதனை கேளுங்கள்

மச்சானிடம் வாதாட வேண்டாம். "நம்புகிறேன், ஒரே ஒரு சோதனை மட்டும் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேலே குறைந்தது 100 மீட்டர் பாறை இருக்கும் இடம். கேபிள், தண்டவாளம், குழாய், துளை எதுவும் பக்கத்தில் இல்லை என்று சுரங்கத்தின் சர்வேயர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் பேட்டரி மட்டும். நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், முன்கூட்டி யாரும் பார்க்காத நாற்பது சொற்களை உறையில் எடுத்து வந்து அங்கேயே பிரிக்கட்டும். நடுநடுவே, எதிர்ப் பக்கத்துக்குச் சொல்லாமல் கருவியை அணைக்கட்டும். கடைசியாக, அதே இடத்தில் கடையில் வாங்கிய சாதாரண வாக்கி டாக்கியை வைத்துப் பாருங்கள். அதுவும் பேசினால் சிக்னலுக்கு வேறு வழி இருக்கிறது என்று அர்த்தம். இதற்கெல்லாம் ஆகும் செலவு உங்கள் 12 லட்சத்தில் சின்னத் துண்டு. "ரகசியத் தொழில்நுட்பம், வெளி ஆள் பார்க்கக் கூடாது" என்று பதில் வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பணமும் காகிதமும்

நான் வக்கீல் இல்லை. கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே மூன்று இடங்கள் உறுத்துகின்றன.

மாதம் 2 சதவீத நிச்சய வருமானம் என்பது முதலாவது. பங்கு வாங்குபவருக்கு நிச்சய வருமானம் கிடையாது. அப்படி வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது வைப்புத்தொகை போலாகிறது. அதற்கு 2019-இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது, "பங்கு" என்கிறார்களே, எதில் பங்கு? தனியார் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு, இயக்குநர்கள், கணக்கு தாக்கல் எல்லாம் பார்க்கலாம். முறையான சலுகைக் கடிதம் வேண்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும், ரொக்கம் கூடாது. சாதாரணக் கூட்டு நிறுவனம் என்றால் கதையே வேறு. கூட்டாளி என்று கையெழுத்துப் போட்டால் நிறுவனத்தின் கடனுக்கு உங்கள் சொந்த வீடு வரை பொறுப்பாகும். போட்ட 12 லட்சத்தோடு நஷ்டம் நிற்காது.

மூன்றாவது, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஒப்புதல் "விண்ணப்பத்தில் இருக்கிறது" என்கிறார்கள். விண்ணப்பம் யாரும் போடலாம். ஒப்புதல் கடிதத்தின் எண், கருவியின் மாடல், நிபந்தனைகள், காலாவதித் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். காப்புரிமை விண்ணப்ப எண்ணைக் காட்டினாலும் அசராதீர்கள். காப்புரிமை கருவி வேலை செய்கிறது என்ற சான்று அல்ல.

மச்சானும் சுரங்கமும்

மச்சான் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவரும் வீடியோ பார்த்து நம்பியவராக இருக்கலாம், அவர் பணமும் உள்ளே இருக்கலாம். மோசடிக் குற்றம் என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். போலீஸ் வரை போவதற்கு இப்போது உங்களிடம் எதுவும் இல்லை. முதலில் உங்கள் மனைவியிடம் தனியாக உட்கார்ந்து, மேலே சொன்ன சோதனையை விளக்குங்கள். தம்பியிடம் அவர் சொன்னால் அது குடும்பப் பேச்சு. நீங்கள் சொன்னால், "என் மாப்பிள்ளைக்கு என் மேல் நம்பிக்கை இல்லை" என்று ஆகிவிடும்.

சுரங்கத்துக்குச் சொல்வதைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. இது வெறும் முதலீட்டு விஷயம் என்றால், உங்கள் பணத்தைக் காத்துக்கொண்டு ஒதுங்குங்கள் என்பேன். ஆனால் தப்பிக்கும் நேரத்தில் இந்தக் கருவி பேசும் என்று நம்பி ஒரு சுரங்கம் லீக்கி ஃபீடருக்குப் பதிலாக இதை வாங்கினால், அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் உள்ளே இருக்கிற தொழிலாளி. வாங்கப்போவதாகச் சொல்லும் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம், மச்சான் பெயரும் வேண்டாம். "இந்தக் கருவியை வாங்குமுன் கேபிள் இல்லாத இடத்தில், வெளி ஆள் முன்னிலையில் சோதியுங்கள், ஒப்புதல் கடிதத்தை நேரில் சரிபாருங்கள்" என்ற இரண்டு வரி போதும். உண்மையை மட்டும், பொது நலனுக்காக எழுதினால் அவதூறு என்ற பயமும் பெரிதாகத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மச்சானுக்கு உதவ வேண்டும் என்று மனம் சொன்னால், பங்கு வாங்காதீர்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு தொகையை, அவர் பெயரில், கடன் பத்திரம் எழுதி, வங்கி வழியாகக் கொடுங்கள். நிறுவனத்தின் எந்தக் காகிதத்திலும் உங்கள் கையெழுத்தோ மனைவியின் கையெழுத்தோ இருக்கக் கூடாது.